ஆரோக்கியமானவர் எண் ஏழு

செப்டம்பர் 3, புதன்

மேகலா எழுதச் சொன்னாள். போனில் கத்துவதற்குப் பதில் தினம் நாலு வரி எழுதிப் பார், கோபம் வடியும் என்கிறாள். நான் கத்துவதில்லை. நேராகப் பேசுகிறேன், அவளுக்கு அது கத்துவதுபோல் கேட்கிறது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

எந்தப் பதிவும் யார், எங்கே, என்ன வேலை என்றுதான் தொடங்க வேண்டும். பழக்கதோஷம். வைரவன், வயது இருபத்தொன்பது. மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கான நான்காவது வருடம். மேகலா என் மனைவி. பட்டு வளர்ச்சித் துறையில் வேலை. மார்ச்சிலிருந்து ஓசூரில் இருக்கிறாள். மாற்றல். பதவி உயர்வுக்கு நல்லது என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். மாற்றல் அவளே கேட்டு வாங்கியது.

என் வேலை, குடியால் கணையம் வெந்துபோனவர்களின் ரத்தத்தைப் பார்ப்பது. சாராயம் நேராகப் போய்க் கணையத்தைச் சுடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியென்றால் குடிக்கிற எல்லோருக்கும் கணையம் போயிருக்க வேண்டும். நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான் போகிறது. கொளுத்துவது நம் உடம்பின் காவல் படை. குடி, குடல் சுவரைத் தளர்த்துகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. மோனோசைட் என்கிற வெள்ளணுக்கள் அதைப் பார்த்துப் பார்த்து, எந்நேரமும் கையில் தீப்பந்தத்தோடு நிற்கப் பழகிவிடுகின்றன. அப்புறம் ஒருநாள் கணையத்தில் நாலு செல் காயப்பட்டால் போதும். மற்றவர்களுக்குத் தானாக ஆறுகிற காயம். இவர்களுக்குப் படை உள்ளே புகுந்து ஊரையே எரித்துவிடும்.

எவனுக்கு எரிக்கும், எவனுக்கு எரிக்காது, ஏன்? அதுதான் ஆய்வு. மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறோம்: நோயாளிகள், குடித்தும் கணையம் கெடாதவர்கள், குடிக்காத ஆரோக்கியமானவர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு எச் என்று பெயர், ஹெல்தி என்பதன் முதலெழுத்து. வெளியில் ஆள் பிடிப்பது கஷ்டம், அதனால் எச் கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் ஆய்வகத்து ஆட்களே. எல்லா ஆய்வகத்திலும் இப்படித்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையை நீட்டி ஒரு குழாய் ரத்தம் கொடுப்போம். நான் எச்-7. யார் எந்த எண் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு வரி என்றாள். போதும்.

செப்டம்பர் 6, சனி

துணி துவைத்தேன். மேகலாவின் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விட்டேன். விட்டால் பேட்டரி செத்துவிடும். அவள் ஹெல்மெட்டை அணிந்து பார்த்தேன், பெல்ட்டின் அளவைச் சோதிக்க. தேங்காய் எண்ணெய் வாசம்.

சனிக்கிழமை இரண்டு பீர். வாரம் ஒருமுறை என்பதை எந்த மருத்துவப் புத்தகமும் பழக்கம் என்று சொல்லாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வார்டுக்குப் போனேன். புது நோயாளி சவரிமுத்து, நாற்பத்தொரு வயது, கேபிள் டிவி நடத்துகிறார். மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாயில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

"எவ்வளவு குடிப்பீங்க?"

"எப்பவாச்சும் தம்பி. வாரத்துக்கு ரெண்டு பீரு."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி செல்வராணி சிரித்தார். "வாரத்துக்கா? நம்ம வீட்டு நாள்காட்டியில எத்தன வாரம்ங்க இருக்கு ஒரு நாளைக்கு?"

"நீ சும்மா இருடி, டாக்டர்ட்ட பேசிட்டிருக்கேன்ல."

"அவரு டாக்டர் இல்ல. ரத்தம் எடுக்க வந்திருக்காரு."

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி சொல்கிற அளவை இரண்டால் பெருக்கி எழுது. மனைவி கூட இருந்தால் மூன்றால். நான் மூன்றால் பெருக்கினேன். இந்த ஆட்களுக்கு எண் சொல்வதில் அப்படி என்ன வெட்கமோ. உயிர் போகிற வலியிலும் பொய்.

செப்டம்பர் 12, வெள்ளி

எச் கூட்டத்து ரத்தம் ஓட்டினேன். செய்முறை எளிது. ரத்தத்தில் பாக்டீரியாத் துணுக்கைக் கலந்து நாலு மணி நேரம் வைத்தால் மோனோசைட் கோபப்படும். கலக்காமல் விட்ட ரத்தத்தில் அமைதியாக இருக்கும். மெஷின் ஒவ்வொரு செல்லாக லேசர் முன்னால் ஓட விட்டு யார் எவ்வளவு கோபம் என்று புள்ளி வைக்கும். ஆரோக்கியமானவர்களின் புள்ளிகள் கீழே, குடிப்பவர்களின் புள்ளிகள் மேலே.

எச்-7 மேலே உட்கார்ந்திருக்கிறது. துணுக்கே கலக்காத குழாயில்.

செல்லுக்கு நிறம் ஏற்றுகிற ஆன்டிபாடி கெட்டுவிட்டது. ரூபன்தான் பாட்டிலைப் பிரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். என்னோடு ஆய்வு செய்கிறவன், நல்ல பையன், கவனம் கிடையாது. கேட்டதற்கு, "கெட்டிருந்தா எல்லாக் குழாயிலயும்ல கெட்டிருக்கணும் மாப்ள? ஏழு மட்டும் எப்படி?" என்றான். வாதம் சரிதான். ஆனால் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மேகலாவோடு பேசினேன். பின்னால் பட்டுப்புழுக்கள் இலை தின்கிற சத்தம். மழை பெய்கிற மாதிரி இருக்கும் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். இப்போது போனில் கேட்கிறது. மழைபோலவேதான் இருக்கிறது.

"என்ன சாப்பிட்ட?"

"தோசை."

"மாவு கடையிலயா?"

"நானே அரைச்சேன்."

"பொய்."

"கடையிலதான்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. முதலில் மூக்கு வழியாகக் காற்று, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம்தான் சத்தம். ஆறு மாதமாக எனக்குக் கிடைப்பது போன் வடிகட்டிக் கொடுக்கும் மிச்சம்.

அப்புறம் அதைக் கேட்டாள்.

"நிறுத்திட்டல்ல?"

"எத்தனை தடவை சொல்றது? நிறுத்திட்டேன்."

"கத்தாத. கேட்டேன், அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் இலைச் சத்தம். "தீபாவளிக்கு வர்றேன் வைரா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸு. வந்து மூணு நாள் இருந்து பாக்கறேன். சரியா இருந்தா, மதுரைக்கே திருப்பி மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துடறேன். பதவி உயர்வு போனாப் போகுது."

போனை வைத்தபின் வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்தேன். அவள் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னால் செய்கிற வேலை. எனக்குக் கொசு வரும் என்று கோபம் வரும். இன்று வந்தது கொசு மட்டும்தான்.

நிறுத்திவிட்டேன் என்று சொன்னது உண்மைதான். அந்த மாதிரிக் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சவரிமுத்துவின் மோனோசைட்கள் படுத்துவிட்டன. முதல் வாரம் தாறுமாறாக எரித்த படை, இப்போது கொடியைக்கூடத் தூக்கவில்லை. எதிரியை அடையாளம் காட்டும் புரதம் ஒன்று செல்லின் மேல் நிற்க வேண்டும். பத்து செல்லில் எட்டிடம் இருக்க வேண்டியது, மூன்றிடம்தான் இருக்கிறது. இந்த நோயின் கேவலமான பகுதி இதுதான். தேவையில்லாதபோது வெறி, தேவையானபோது தூக்கம். வெந்துபோன கணையத்தில் இனி எந்தக் கிருமி வந்தாலும் கேட்க ஆள் இல்லை.

நூர்ஜஹான் மேடத்திடம் காட்டினேன். குடல் கணையப் பிரிவின் தலைவர், என் வழிகாட்டி. பார்த்துவிட்டு, "ஐ.சி.யூ.வுக்கு ஏத்துங்க" என்றார். மாலையில் காய்ச்சல் வந்தது.

செப்டம்பர் 20, சனி

ரூபனின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். எல்லோரும்தான் குடித்தார்கள்.

செப்டம்பர் 24, புதன்

மேடம் கூட்டம் போட்டார். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த யாரோ ஒரு மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார்: ஆரோக்கியமானவர்கள் குடிப்பதில்லை என்று எப்படித் தெரியும்? அவர்களே சொன்னார்கள் என்பது போதாதாம்.

"நியாயமான கேள்விதானே?" என்றார் மேடம். "எல்லாரோட ரத்தத்தையும் ஹைதராபாத்துக்கு அனுப்பலாம். எச் கூட்டம் உட்பட."

அங்கே ஒரு சோதனை செய்வார்கள். குடித்தால் மட்டும் சிவப்பணுக்களின் மேல்தோலில் ஒரு கொழுப்பு உருவாகும். மூன்று நான்கு வாரம் போகாது. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து ஏமாற்ற முடியாது.

"தேவையில்லாத செலவு மேடம். நம்ம ஆளுங்கதானே," என்றேன்.

"நம்ம ஆளுங்கன்னா ரத்தத்துல வேற என்னப்பா ஓடுது, ரோஸ்மில்க்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 26, வெள்ளி

எச்-7 மறுபடி மேலே. சென்னையிலிருந்து மெஷின் கம்பெனி ஆளை வரவழைத்தேன். மூன்று மணி நேரம் கழற்றிப் பார்த்துவிட்டு லேசர் நன்றாக இருக்கிறது என்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மதியம் சாப்பிட்டபின் வயிற்றின் மேல்பக்கம் வலி. கேஸ். முதுகு வரை போகிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறது. கேன்டீன் எண்ணெயை மாற்றச் சொல்லி எழுதிப் போட வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்குப் பொட்டு வைக்காதே என்று வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் வைக்கிறார்கள். இந்த முறை சந்தனம், அதற்கு மேல் குங்குமம், அதற்கு மேல் சாமந்தி. ரூபன் விபூதியை வேறு ஊதினான். கோடி ரூபாய் மெஷின், லேசருக்கு நேர் மேலே தூசு.

"கோவிச்சுக்காத மாப்ள, சாமிக்குக் குடுத்தா அதுவே உன் ஏழாம் நம்பரைக் கீழ இறக்கிடும்," என்றான். பொரி கடலை தின்றேன்.

போன தடவை பூஜைக்கு மேகலா ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். சுண்டல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய், என் மேசைக்கு மட்டும் கடைசியில் வந்து, "உனக்கு இல்ல, தீந்துபோச்சு" என்றாள். டப்பாவில் ஒரு ஆள் சுண்டல் இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி. மதுக்கடைகள் மூடல். எனக்கென்ன? நேற்றே வாங்கி வைக்கவில்லை. வாங்கி வைக்காததே சான்று.

ஸ்கூட்டி. சமையலறை மேடை துடைத்தேன். நாள் நீளமாக இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

வைரஸ் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. ராத்திரி தூக்கமில்லை, வேர்வை. ஆய்வகத்தில் பிப்பெட் சரியில்லை. ஒரே அளவு எடுத்தாலும் துளி துளியாக மாறுகிறது. நுனி குழாயின் விளிம்பில் டக் டக் என்று தட்டுகிறது. சர்வீஸுக்கு அனுப்பச் சொன்னேன். ரூபன் அதையே வாங்கி எட்டுக் குழாய் நிரப்பினான். எட்டும் ஒரே மட்டம். திருப்பிக் கொடுத்தான். என்னைப் பார்க்கவில்லை.

முறை இல்லாத நாள்தான், இருந்தாலும் என் ரத்தத்தை எடுத்து ஓட்டினேன். இன்னும் மேலே. குங்குமம் உள்ளே போயிருக்கிறது.

மாலையில் கடை திறந்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

ஹைதராபாத் பெட்டி கட்டினேன். உலர்பனியின் புகை, தெர்மோகோல், வரிசையாகக் குழாய்கள். பெட்டி கட்டுவது நான். குறிப்பது நான். யார் எந்த எண் என்று தெரிந்தவனும் நான். ஏழாம் குழாயை எடுத்து மேசையில் ஐந்து நிமிடம் வைத்தால் உருகிவிடும். மாதிரி பாழ், அனுப்பவில்லை என்று எழுதலாம். நூற்றிருபது குழாயில் ஒன்று. யாரும் கேட்க மாட்டார்கள்.

கையில் எடுத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர்.

எடுத்து வைத்தால் எனக்குப் பயம் என்று ஆகும். எனக்கென்ன பயம். உள்ளே வைத்து மூடி டேப் ஒட்டினேன். மெஷின்தான் தப்பு என்று ஹைதராபாத்காரன் சொல்லட்டும், அப்போது ரூபனைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

சவரிமுத்து ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். பாதி ஆளாகிவிட்டார். வயிற்றில் ஒரு குழாய், பையில் காப்பித்தூள் நிறத்தில் ஏதோ. குரல் மட்டும் உள்ளே எங்கோ மிச்சமிருக்கிறது.

ரத்தம் எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஏன் இப்படி கவுந்தடிச்சு உக்காந்திருக்கீங்க?"

"கேஸ். முதுகு பிடிச்சிருக்கு."

"அப்படியா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நானும் ஆறு மாசம் கேஸுன்னுதான் சொல்லிட்டிருந்தேன். கேபிள் ஆபீஸ்ல எல்லாரும் என்னப் பாத்து 'ஏன்ணே, சிக்னல் கீழ விழுந்துருச்சா, தேடுறீங்களா'ம்பானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே வந்தேன். செல்வராணி பின்னாலேயே வந்தார்.

"சார், நீங்க இவரு ரத்தத்த மெஷின்ல பாக்குறீங்கல்ல. ஒண்ணு கேக்கவா? வீட்டுக்குப் போனா மறுபடி குடிப்பாரா? ரத்தத்துல தெரியுமா அது?"

"தெரியாதுங்க. இதுவரைக்கும் என்ன நடந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும்."

"அது எனக்கே தெரியுமே சார்," என்றார். "அவரு வீட்ல இல்லாதப்ப தேடுறேன். இருக்கிறப்பவும் தேடுறேன். ஆளு உள்ளதான் உக்காந்திருப்பாரு, ஆனா யாருமே இல்லாத மாதிரி இருக்கும். திரும்பி வந்தா போதும்னு நெனைக்கிறேன், அந்த ஆளு. குடிக்கிறதுக்கு முன்னாடி இருந்த ஆளு."

நான் லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

அக்டோபர் 11, சனி

வீடு சுத்தம். ஒட்டடை, மின்விசிறி, பாத்ரூம் டைல்ஸ். பழைய பாட்டில்களை எடைக்குப் போட்டேன். கடைக்காரர், "விசேஷமாண்ணே?" என்றார். இரண்டு சாக்கு. முன்பு குடியிருந்தவர்களுடையதும் இருக்கும்.

கட்டிலில் அவள் பக்கம் மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தேன், ஏழு மாதமாக. எடுத்துவிட்டேன். படுக்கை திடீரென்று அகலமாகிவிட்டது. அந்தப் பக்கம் ஒருமுறை புரண்டு பார்த்தேன், பிறகு என் இடத்துக்கே வந்துவிட்டேன். அவளுக்குப் போர்வை விளிம்பு பாதத்துக்கு அடியில் மடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூங்க மாட்டாள். அதையும் மடித்துவிட்டேன்.

இன்னும் ஒரு வாரம். வெள்ளிக்கிழமையிலிருந்து சுத்தமாகத் தொடுவதில்லை என்று முடிவு. இன்று கடைசி சனி.

அக்டோபர் 14, செவ்வாய்

ஹைதராபாத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. இருபதுக்குக் கீழே என்றால் குடிக்காதவர். இருநூறுக்கு மேல் என்றால் நிறைய, கிட்டத்தட்ட தினமும்.

எச் கூட்டத்தில் எல்லோரும் இருபதுக்குக் கீழே. ரூபன் பதினொன்று. தங்கை நிச்சயதார்த்தத்தில் அவன் குடித்தது அவ்வளவுதான்போல.

எச்-7: நானூற்றுப் பன்னிரண்டு.

ஹைதராபாத் மெஷினில் யாரும் குங்குமம் வைக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

மேடம் கூப்பிட்டார். திரையில் அந்த வரியை மஞ்சளாக்கி வைத்திருந்தார்.

"வைரவா, ஏழு யாரு?"

"பாக்கணும் மேடம்."

"பாரு. கட்டுரையில இருந்து அந்த ஆளத் தூக்கிடலாம். அது பெரிய விஷயமில்ல. மூணு மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஆனா ஆளு யாருன்னு கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வா. வலி இருக்கான்னு கேளு." கண்ணாடியைக் கழற்றினார். "நாம பாக்குற எல்லாரும் எரிஞ்சு முடிஞ்சப்புறம்தான் வர்றாங்க. இத்தனை வருஷத்துல எரியறதுக்கு முன்னாடி கையில கிடைச்ச ஒரே ஆளு இது. மோனோசைட் பாத்தியா, பந்தத்தோட நிக்குது. இன்னும் உள்ள போகல. இப்ப நிறுத்தினா தப்பிச்சுக்கலாம். அந்த ஆளுக்கு வீட்ல யாராச்சும் இருப்பாங்கல்ல."

"இருப்பாங்க," என்றேன்.

நாளை மறுநாள் இரவு அவள் பஸ் ஏறுகிறாள். ஒன்றும் சொல்லாமலிருந்தால் சனிக்கிழமை விடிகாலை இறங்குவாள். மூன்று நாள் என்னால் தாக்குப்பிடிக்க முடியும். கை நடுங்கினால் காய்ச்சல் என்று சொல்லலாம். ஜன்னல்களைத் திறப்பாள். தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வாள். திங்கட்கிழமை தீபாவளிக் குளியலுக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், என் காதுக்குள் எண்ணெய் போகும், கத்துவேன், சிரிப்பாள். அப்புறம் மாற்றலுக்கு எழுதிக் கொடுப்பாள். வந்துவிடுவாள். எனக்கு வேண்டியது அது மட்டும்தான். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

வந்து, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்று, உள்ளே உட்கார்ந்திருக்கிற என்னைத் தேடுவாள்.

அக்டோபர் 16, வியாழன்

மாலை ஆறு மணிக்குப் போன் செய்தேன். இன்னும் தொடவில்லை. தொடுவதற்கு முன்னால் பேச வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே செய்தேன்.

"பையெல்லாம் கட்டிட்டேன். உனக்கு ஒரு சட்டை எடுத்திருக்கேன். கலர் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"வராத."

"என்னது?"

"வராத மேகலா. பஸ் ஏறாத."

இலைச் சத்தம். யாரையோ தட்டை நகர்த்தச் சொன்னாள். கதவு சாத்துகிற ஓசை, சத்தம் நின்றது.

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"நிறுத்தல நான்."

அதோடு நிறுத்த எனக்குத் தெரியவில்லை. எண்ணைச் சொன்னேன். நானூற்றுப் பன்னிரண்டு. என்ன சோதனை, எவ்வளவு இருந்தால் என்ன அர்த்தம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு எடுப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனேன். தினமும் என்றேன். சனிக்கிழமை மட்டும் இல்லை, தினமும். வலி இருக்கிறது என்றேன். அதையும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"நிஜமாவா சொல்ற? இல்ல, நான் வர்றேனா இல்லையான்னு சோதிக்கறியா?"

"நிஜமா."

"சொல்லாம இருந்திருந்தா வந்திருப்பேன்ல."

"வந்திருப்ப."

"அங்கயே இருந்திருப்பேன்."

"ஆமா."

"அப்புறம் ஏன்டா சொன்ன?" அழுதாள். அல்லது கோபம். போனில் இரண்டும் ஒரே மாதிரி வருகிறது. "ஏழு மாசமா ஒரு நாள் விடாம நாள் எண்ணிட்டிருக்கேன் இங்க. உனக்குத் தெரியுமா அது?"

"எனக்கும்தான்," என்றேன். கத்தவில்லை.

வைத்துவிட்டாள். சட்டை என்ன கலர் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். ரூபனும் இருந்தான். வெளியே போகச் சொல்லத் தோன்றவில்லை.

"ஏழு நான்தான்."

மேடம் ஆச்சரியப்படவில்லை. ரூபனும். எனக்குத்தான் ஆச்சரியம்.

"எப்ப கடைசியா?"

"நேத்து ராத்திரி. பேசி முடிச்சப்புறம்."

"திடீர்னு நீயா நிறுத்திடாத. வலிப்பு வந்துடும். மாத்திரை போட்டு, கூட ஆள் வச்சு, மெதுவா எறக்கணும். இப்பவே பெட் போடறேன்."

"நாளைக்குக் காலையில வரேன் மேடம்."

"நாளைக்கு என்ன இருக்கு?"

"ஒரு பஸ் வருது."

மேடம் ரூபனைப் பார்த்தார். "ராத்திரி இவன் கூட இரு. மாத்திரை எழுதித் தர்றேன், நீயே கையில வச்சுக் குடு. இவன்ட்ட குடுக்காத."

"நம்ம ஆளுதான் மேடம், பாத்துக்கறேன்," என்றான் ரூபன். வழியில் இரண்டு பேருக்கும் பரோட்டா வாங்கினான். எனக்கு வேண்டாமென்றேன். "உனக்கு யாரு வாங்கினா? ரெண்டும் எனக்குத்தான். நீ இட்லி," என்றான்.

அக்டோபர் 18, சனி

ரூபன் ஹாலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பி, போய்விட்டு வருகிறேன் என்றேன். "நானும் வர்றேன்" என்றான். "வேணாம்டா" என்றேன். என்னைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக் கூட்டம். பட்டாசுப் பெட்டியும் பலகாரத் தூக்குமாக ஊரே இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத வெளிச்சம். டீக்கடைக்காரன் பாலை ஆற்றிக்கொண்டே, "எந்த ஊரு பஸ்ஸுண்ணே?" என்றான். ஓசூர் என்றேன். "கூட்டம்ல, லேட்டாத்தான் வரும்" என்றான்.

லேட்டாகத்தான் வந்தது. ஏன் வந்து நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். வராதே என்று சொன்னவன் நான். ஆனாலும் அந்தப் பஸ்ஸில் அவள் ஏறியிருக்கக்கூடும். நான் சொல்வதை அவள் நம்பாத பழக்கம், அந்தப் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியது நான். சோதிக்கிறான், கோபத்தில் பேசுகிறான், குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்து ஏறியிருக்கலாம். ஏறியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நரம்பும் கெஞ்சியது. கைகளைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டேன்.

கதவு திறந்தது. ஒரு குடும்பம், தூங்கும் குழந்தையோடு. ஐ.டி. பையன்கள் ஏழெட்டுப் பேர். ஒரு வயதான அம்மா, படியில் காலை வைத்துத் துழாவ, கையைக் கொடுத்து இறக்கிவிட்டேன். பின்னால் பச்சைச் சுடிதாரில் ஒரு பெண், அவள் தோள் சாயலில். திரும்பினாள். வேறு முகம்.

அப்புறம் யாருமில்லை. நான் படியில் ஏறி உள்ளே பார்த்தேன். கசங்கிய போர்வைகள், காலி சீட்டுகள், ஒரு ஜன்னல் மட்டும் திறந்து கிடந்தது.

"யாரும் வரணுமாண்ணே?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே," என்று இறங்கினேன்.

பஸ் பின்னால் நகர்ந்து பணிமனைப் பக்கம் போனது. ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ஷேர் ஆட்டோ உண்டு. அவள் வராதது நெஞ்சில் வலித்தது. அழுகிறேன் என்பது டீக்கடைக்காரன் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆனால் துக்கம் மட்டும் இல்லை அது. மேகலா பஸ் ஏறவில்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறாள்.